சிகாகோ உபாத்தியாயர்களின் வழக்கு

சிகாகோ நகரத்துப் பொதுப் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் என்ற செய்தி எப்போது வந்தாலும், குழந்தைகளின் படிப்பைப் பணயம் வைத்துச் சம்பள உயர்வு கேட்கிறார்கள் என்ற அபிப்பிராயமே படிப்பவர் மனத்தில் முதலில் எழுகிறது. அந்த அபிப்பிராயம் வேரூன்றியதில் ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

1995 ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணச் சட்டசபை, சிகாகோ பள்ளிகளின் நிர்வாகத்தை மேயர் வசம் ஒப்படைத்தபோது, ஆசிரியர் சங்கத்தின் வாய்க்கும் கூடவே ஒரு பூட்டைப் போட்டது. ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள் இருக்கலாம், பள்ளிக்கு எத்தனை பேரைப் பணியில் அமர்த்துவது, எந்த வேலையை வெளியாருக்குக் குத்தகைக்கு விடுவது என்பன போன்ற விஷயங்களை ஒப்பந்தப் பேச்சில் பிரஸ்தாபிக்கவே கூடாது என்று அது விதித்தது. பிற்காலத்தில் அந்த விதி சற்றே தளர்ந்து, நிர்வாகம் இஷ்டப்பட்டால் இவற்றைப் பேசலாம் என்றாயிற்று. இஷ்டப்படாவிட்டால் கேட்பாரில்லை, இவற்றை முன்னிட்டு வேலைநிறுத்தம் செய்யவும் வழியிருக்கவில்லை. ஆகவே, குழந்தைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் திணறிய ஓர் உபாத்தியாயினி உரிமையோடு கேட்கக்கூடியவையாக இருந்தவை சம்பளமும் சலுகைகளும்தாம்; அவற்றைக் கேட்ட மாத்திரத்தில், இவர்களுக்குப் பணமே குறி என்று ஊர் பேசியது. மற்ற வாசல்களையெல்லாம் அடைத்துவிட்டு, இந்த வாசலிலேயே ஏன் நிற்கிறாய் என்று கேட்பது போன்ற விநோதம் இது.

2011 இல், ஒப்பந்தப்படி வரவேண்டிய 4 சதவீத உயர்வைப் பணமில்லை என்று நிர்வாகம் நிறுத்தியது. அதே ஆண்டில் வந்த வேறொரு சட்டம், சிகாகோ சங்கத்தின் மொத்த அங்கத்தினரில் 75 சதவீதத்தினர் சம்மதித்தாலன்றி வேலைநிறுத்தம் கூடாது என்றது. வாக்களிக்க வராதவரும் எதிர்த்தவராகவே கணக்காவர் என்பதால், அந்த எல்லையைச் சங்கம் ஒருநாளும் எட்டாது என்று அதை ஆதரித்தவர்கள் நம்பியிருந்தார்கள். ரசாயனம் கற்பித்துவந்து சங்கத் தலைவியான கேரன் லூயிஸின் காலத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் சம்மதம் தந்தார்கள். 25 ஆண்டுகளாக வேலைநிறுத்தம் காணாத அந்நகரத்தில் 2012 செப்டம்பர் 10 ஆம் தேதி பள்ளிகளின் வாசலில் மறியல் தொடங்கியது. சமரச நகல் தயாரான பின்பும், அதை அங்கத்தினர்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்று சங்கப் பிரதிநிதிகள் மேலும் இரண்டு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டபோது, மேயர் ராம் இமானுவேல் தடையுத்தரவு கோரி நீதிமன்றத்தை நாடினார். எதையும் படித்துப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வதுதான் உபாத்தியாயர் தொழில் என்பது அவருக்கு மறந்துபோயிற்று போலும்!

என் கட்சிக்குப் பலமான சாட்சி 2019 ஆம் ஆண்டு. அப்போதைய மேயர் லோரி லைட்ஃபுட், ஐந்து ஆண்டுகளில் 16 சதவீத உயர்வு தருவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தும், அக்டோபர் 17 முதல் 11 பள்ளி நாட்கள் ஆசிரியர்கள் வெளியே நின்றார்கள். சட்டப்படி சம்பளத்தையும் சலுகைகளையும் முன்னிட்டே வெளியே நின்றாலும், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸ், ஒரு சமூகப் பணியாளர், வகுப்புகளின் அளவுக்கு ஒரு வரம்பு ஆகியவற்றை அவர்கள் கேட்டார்கள். இவை வேண்டும் என்பதை மேயரும் மறுத்தாரில்லை. ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பதற்கே தயங்கினார். மறியல் முடிந்தபோது சம்பள உயர்வு அதே 16 சதவீதமாக இருக்க, நர்ஸும் சமூகப் பணியாளரும் எழுத்தில் ஏறினார்கள். வகுப்பு நெருக்கடியைக் குறைப்பதற்கென்று ஆண்டுக்கு 3.5 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டது. பணமே குறி என்பவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

ஆனால் அந்தப் பதினொரு நாட்களில் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாமல் தவித்த ஏழைப் பெற்றோரின் கஷ்டத்தைச் சங்கம் லேசாக எண்ணிவிடலாகாது. சங்கத்தின் ஊழியராக இருந்த பிராண்டன் ஜான்சன் 2023 இல் மேயரானது வேறொரு சங்கடம். கடன் வாங்கியாவது ஒப்பந்தச் செலவைச் சமாளிக்க வேண்டும் என்ற அவருடைய நிர்ப்பந்தத்துக்கு இணங்காமல், 2024 அக்டோபரில் அவரே நியமித்த கல்விச் சபை அங்கத்தினர் எழுவரும் ராஜிநாமா செய்வதாக அறிவித்தார்கள். மேஜையின் இரு புறமும் சிநேகிதர்களே அமர்ந்தால், வரி கொடுப்பவனுக்காகப் பேசுவது யார் என்ற கேள்வி நியாயமானதே.

1995 இன் தடையை நீக்கும் மசோதாவில் கவர்னர் பிரிட்ஸ்கர் 2021 இல் கையெழுத்திட்டார். அது நல்ல காரியம். சற்றுத் தாமதமாக நடந்த காரியம். தடை நீங்கிய பின் பேசி முடித்த புதிய ஒப்பந்தம், வேலைநிறுத்தம் இன்றியே 2025 இல் நிறைவேறி 2028 வரை செல்லும். 2027 ஆரம்பத்தில் 21 அங்கத்தினரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்விச் சபை பதவியேற்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த ஒப்பந்தத்தைச் சங்கம் அந்தச் சபையோடுதான் பேசியாக வேண்டும்.