எல்லவில் இழுவைக் கூடாரம்: முதலில் பாரக் கணக்கு

எல்லவில் ஹோட்டல்களும் விடுதிகளும் நிறைந்துவிட்டன. உல்லாசப் பிரயாணிகளை நம்பிப் புதுத் தொழில் தேடும் நம் வியாபாரிகள், வேனின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கூடார ட்ரெய்லரைப் பற்றி யோசிக்கலாம். தண்ணீர்த் தாங்கி, காஸ் அடுப்பு, பெட்டரி மூன்றையும் பூட்ட நல்ல கராஜ் ஒன்று போதும். ஆனால் கணக்கை இலாபத்திலிருந்து தொடங்காதீர்கள், பாரத்திலிருந்து தொடங்குங்கள்.

60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ. தாங்கியை அச்சுக்கு அருகில், தாழ்வாக வைக்க வேண்டும். பின்பக்கம் வைத்தால் இறக்கத்தில் வண்டி ஆடும். 2025 செப்டெம்பரில் எல்ல-வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்ததை மறக்க முடியுமா?

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் கீழே தேங்கும். எனவே சிலிண்டர் பெட்டி வெளியே திறப்பதாகவும் அடியில் துவாரம் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈய பெட்டரியில் பாதியைத்தான், அதாவது சுமார் 600 வோட் மணியைத்தான், பாவிக்கலாம். மின்குமிழுக்கும் போனுக்கும் அது தாராளம். 1,000 வோட் மின்னடுப்போ அரை மணித்தியாலத்தில் அதை முடித்துவிடும்.

மலிவுச் சாமான் பூட்டி மிச்சம் பிடிப்பது வியாபாரமல்ல. உங்கள் பிள்ளைகளை ஏற்றி அனுப்பத் துணியாத வண்டியை வாடிக்கையாளருக்கும் கொடுக்காதீர்கள்.