மருத்துவச் சொல் விளக்கம்: சோதனைக் குறிப்பைப் படிக்கும் முறை

நியூ டவுனில் வாழும் நம்மவர் புற்றுநோய் மருத்துவத்திற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டாடா மருத்துவ மையமும், 2022-இல் திறக்கப்பெற்ற சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் இரண்டாம் வளாகமும் நம் நகரிலேயே உள்ளன. ஆயினும், டாக்டர் வங்க மொழியிலோ ஆங்கிலத்திலோ கூறுவதைத் தமிழ் மட்டுமே அறிந்த பெற்றோர்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பு வீட்டிலுள்ள இளையோரையே சார்கின்றது. ஒரு சொல்லைத் தவறாகக் கொண்டால் வீண் அச்சமோ வீண் தாமதமோ நேரும். ஆகவே இம்மாதம் அத்தகைய சொற்கள் சிலவற்றை விளக்குவோம்.

பயாப்ஸி: ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்வது. கத்தியோ ஊசியோ பட்டால் நோய் பரவிவிடும் என்று நம் வீட்டு மூத்தோர் அஞ்சுவதுண்டு. முறைப்படி செய்யும் சோதனையால் அவ்வாறு நேர்வது மிக அரிது. அச்சத்தால் சோதனையைத் தள்ளிப் போடுவதே பெருங்கேடு.

பினைன், மாலிக்னன்ட்: முன்னது புற்றல்லாத கட்டி, பிற உறுப்புகளுக்குப் பரவாது. பின்னது புற்று.

பாசிட்டிவ்: இச்சொல்லைக் கேட்டவுடன் 'நல்ல செய்தி' என மகிழ்வோர் உளர். தேடிய பொருள் காணப்பட்டது என்பதே இதன் பொருள். நிணநீர்க் கணு பாசிட்டிவ் எனில் அங்கே புற்றணுக்கள் உள்ளன. மார்புப் புற்றில் ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் எனிலோ, ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சை பயன்தரக்கூடும். ஆதலின், "எது பாசிட்டிவ்?" என்று கேட்டறிக.

ஸ்டேஜ், கிரேடு: இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும் பிழை. நோய் எவ்வளவு வளர்ந்து எங்கெங்கு பரவியுள்ளது என்பதை ஸ்டேஜ் உணர்த்தும். புற்றணுக்கள் இயல்பான அணுக்களினின்று எவ்வளவு மாறுபட்டுள்ளன என்பதைக் கிரேடு உணர்த்தும். கட்டி சிறிதாய், முதல் ஸ்டேஜில் இருக்கும்போதும் கிரேடு 3 ஆக இருக்கலாம். அதனை 'மூன்றாம் ஸ்டேஜ்' என்று மொழிபெயர்த்துரைத்தால், குணம் பெறக்கூடிய தாய் நம்பிக்கை இழந்து சிகிச்சையையே மறுத்துவிடக்கூடும்.

மெட்டாஸ்டாஸிஸ்: தோன்றிய இடத்தினின்று வேறிடம் பரவுதல். மார்பிற் தோன்றிய புற்று எலும்பிற்குப் பரவினும் அது மார்புப் புற்றே, மருந்தும் அதற்குரியதே.

பாலியேட்டிவ் கேர்: 'டாக்டர்கள் கைவிட்டனர்' என்பது இதன் பொருளன்று. வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிக்கும் மருத்துவம் இது; நோய்க்குரிய சிகிச்சையுடன் சேர்த்தும் அளிக்கப்பெறும்.

டாக்டரிடம் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் உடன் கொள்க. பொருள் விளங்காத சொல்லை ஊகித்து மொழிபெயர்க்க வேண்டா. அச்சொல்லையே எழுதி, அங்கேயே விளக்கம் கேளுங்கள். விளங்கியதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் நோயாளிக்குக் கனிவுடன், கூட்டாமலும் குறைக்காமலும் உரையுங்கள். உடல் அவருடையது, சிகிச்சைக்கு இசைவு தரவேண்டியவரும் அவரே.

கீமோதெரபி, ரேடியேஷன் ஆகிய சொற்களை அடுத்த இதழில் காண்போம்.