மூன்று படிகள்

கல்முனையில் ஓர் அலுவலகத்தின் முன்னே அண்மையில் ஒரு காட்சியைக் கண்டோம். எம்மிடம் முன்னொருகால் பயின்ற மாணவர் ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, வீதியோர வெயிலில் காத்திருந்தார். அவருக்கும் வாயிலுக்கும் இடையே மூன்று படிகள். நல்லுள்ளம் படைத்த உத்தியோகத்தர் ஒருவர் படிவத்தோடு இறங்கி வந்து, கையொப்பம் பெற்றுச் சென்றார். நின்றோர் அவரை மெச்சினர், நாமும் மெச்சினோம். மாணவரோ மெல்ல நகைத்து, "சேர், நாளைக்கு இவர் லீவென்றால்?" என்று வினவினார். எம்மிடம் விடையில்லை.

கருணையை நம்பி வாழ்பவன் பிறருடைய மனநிலையை நம்பி வாழ்கிறான். அந்நிலை மாறவே சட்டம் எழுந்தது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டத்தை நம் பாராளுமன்றம் 1996இல் நிறைவேற்றிற்று. தொழிலிலும் கல்வியிலும் பாகுபாடு கூடாது, பொதுமக்கள் செல்லும் கட்டடத்துள் நுழைவதைத் தடுத்தலாகாது என்று அது கூறிற்று. எனினும், கட்டடங்கள் எவ்வாறு அமையவேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரிலேயே வர்த்தமானியில் வெளிவந்தன. இருந்த பொதுக் கட்டடங்களைத் திருத்த 3 ஆண்டுத் தவணை வழங்கப்பட்டது. தவணை கழிந்தது, படிகள் கழியவில்லை.

அவ்வேளையில் நீதிமன்றை நாடியவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக விளங்கிய அவர், 1992இல் தமது காரின்மீது மரமொன்று வீழ்ந்ததால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். அவர் 2009இல் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் யாவும் அவ்விதிகளுக்கு அமையவேண்டும், தவறுதல் தண்டனைக்குரியது என்று 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் 2020இல் மறைந்தார், கட்டளை நிற்கிறது.

அதை நிறைவேற்றுவது எங்கே? 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை எத்தனையோ கட்டடங்கள் அத்திவாரத்திலிருந்து மீள எழுந்தன. இன்றும் புதியன எழுகின்றன. ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். சாய்வுப் பாதைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அரையடிப் படிகள் மூன்றெனில் உயரம் ஒன்றரை அடி. வேண்டுவது 18 அடிப் பாதை. வரைபடம் கீறும்போது அதற்கு இடம் ஒதுக்குதல் எளிது. மதிலும் வாசலும் கட்டியபின் 18 அடியை எங்கே தேடுவது? ஆகவே, வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் மாநகர சபையின் மேசையிலேதான் இச்சட்டம் உயிர் பெறவேண்டும்.

எம் முஸ்லிம் சகோதரர் நன்கறிந்த வரலாறொன்றுண்டு. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் அவர்களிடம் தொழுகைக்கு அழைக்கும் பணியை நபிகள் நாயகம் ஒப்படைத்தார்கள். தாம் மதீனாவை நீங்கிய வேளைகளில் நகரின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். அவ்வரலாற்றைப் போற்றும் ஊரில் இது கடினமான காரியமன்று. பள்ளிவாசலோ, கோயிலோ, பாடசாலையோ கட்டும் குழுவில் அமரும் அன்பர்கள், வரைபடத்தைக் கண்டதும், "சாய்வுப் பாதை எங்கே?" என்று கேட்பார்களாக. அம்மாணவருக்கு நாம் அளிக்கக்கூடிய விடை அதுவே.