ஏஐ வேணுமாம், மனசு வேணாமாம்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், தாம்பரத்துல இருந்து முடிச்சூர் வரைக்கும் ரோடு முழுக்க காலேஜ் பேனர். எல்லாத்துலயும் 'ஏஐ', 'டேட்டா சயின்ஸ்'. சந்தோஷம். ஆனா இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு, "மெஷின் இருக்கட்டும், மனுஷன் எப்படி யோசிக்கிறான்னு படிக்கணும்"னு சொன்னா என்ன பதில் வருது? "அதெல்லாம் ஃபாரின்ல. நம்மூர் ஆர்ட்ஸ் காலேஜுக்கு எதுக்கு?" பெத்தவங்க கேட்டா அது பயம், புரியுது. பாடம் நடத்துறவங்களே கேட்கும்போதுதான் பத்திக்கிட்டு வருது.

அந்தப் படிப்புக்குப் பேர் காக்னிடிவ் சயின்ஸ். நாம எப்படிப் பார்க்கிறோம், பேசுறோம், ஞாபகம் வச்சுக்கிறோம்னு உளவியல், மொழியியல், கணினி, தத்துவம், நரம்பியல், மானிடவியல் எல்லாம் சேர்ந்து தேடுற துறை.

ஏஐக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்கிறாங்க. அட ராமா! ரெண்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைங்க சாமி. 1956 கோடையில டார்ட்மவுத்துல செயற்கை அறிவுங்கிற பேர்ல கூட்டம் நடந்தது. அதே வருஷம் செப்டம்பர் 11-ல் எம்ஐடி கருத்தரங்கு. அந்த நாளைத்தான் காக்னிடிவ் சயின்ஸோட பிறந்தநாள்னு உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் குறிச்சார். 2024-ல் இயற்பியல் நோபல் வாங்கின ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் இளங்கலையில படிச்சது பரிசோதனை உளவியல். நாம ஒரு பிள்ளையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, இன்னொண்ணை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கோம்.

அடுத்து, "இது பெரிய யுனிவர்சிட்டி சமாச்சாரம்". இல்லீங்க. இதுல உலகத்துலயே முதல்ல இளங்கலைப் பட்டம் கொடுத்தது அமெரிக்காவுல வாஸ்ஸர்ங்கிற சின்ன கல்லூரி, 1982-ல். இந்தியாவுல அலகாபாத் பல்கலைக்கழகத்துல இதுக்குன்னு 2002-ல் மையம் வந்தது. ஐஐடி காந்திநகர்ல எம்.எஸ்சி. நடத்துறாங்க. நல்லதுதான், ஆனா ரெண்டும் டிகிரி முடிச்சவங்களுக்கு. பதினேழு வயசுல வர்ற கேள்விக்கு இருபத்தொண்ணுல கதவு திறந்தா, அதுக்குள்ள கேள்வியே செத்துடும்.

"சிலபஸ் எங்க கையில இல்லை" என்பது இன்னொரு சாக்கு. தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரி தன்னாட்சி வாங்கினது 1978-ல். அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல எத்தனையோ கல்லூரிகள் வாங்கியாச்சு. தன்னாட்சின்னா பாடத்திட்டத்தை நீங்களே எழுதலாம்னு அர்த்தம். லெட்டர்பேடுல போட்டுக்க மட்டும் இல்லை.

லேப் இல்லையா? முடிச்சூரே லேப். பழைய ஊர்க்காரர்கிட்ட வழி கேளுங்க: "தெக்கால போயி மேக்கால திரும்பு". பக்கத்து அபார்ட்மென்ட்ல கேளுங்க: "ஸ்ட்ரெய்ட் போய் லெப்ட்". 1990-களில் எரிக் பெடர்சன்ங்கிற மொழியியலாளர் தமிழ்நாட்டுக்கு வந்து இதைத்தான் ஆராய்ஞ்சார். மேசையில பொம்மை மிருகங்களை வரிசையா வைப்பாங்க. ஆளை அப்படியே பின்பக்கம் திருப்பி, இன்னொரு மேசையில அதே மாதிரி அடுக்கச் சொல்வாங்க. கிழக்கு மேற்குன்னு பேசிப் பழகினவங்க திசையைக் காப்பாத்துவாங்க. இடது வலதுன்னு பேசுறவங்க தன் உடம்பை வச்சு அடுக்குவாங்க. பேச்சுப் பழக்கம் நினைப்பை மாத்துதாங்கிற பெரிய சண்டையில நம்ம பாட்டிங்க பேச்சும் ஒரு சாட்சி! செலவு? ரெண்டு மேசை, நாலு பொம்மை. இதைச் செய்ய வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் வரணும், நம்ம பி.ஏ. பிள்ளைங்க வேடிக்கை பார்க்கணுமா?

"வேலை கிடைக்குமா?" நியாயமான கேள்வி. இந்தப் பேர்ல வேலை கொட்டிக் கிடக்குதுன்னு நான் ஜல்லியடிக்க மாட்டேன். ஆனா அதே கேள்வியை அந்த ஏஐ பேனர்களையும் பார்த்துக் கேளுங்க. சோதனை செய்யவும், புள்ளியியல் போடவும், புரோகிராம் எழுதவும் கத்துக்கிட்ட பிள்ளை எங்கேயும் பிழைச்சுக்கும்.

புதுசா டிகிரி கூட வேணாம். உளவியல், கணினி, தமிழ்னு மூணு துறை வாத்தியாருங்க ஒரு டீ குடிச்சுக்கிட்டே ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு விருப்பப் பாடம் எழுதட்டும். டீக்காசு நான் தர்றேன்.