திறப்பு விழா இல்லாத தொண்டு

நம் ஊர்க் கோயிற் சுவர்களிலுள்ள பழைய கல்வெட்டுக்களைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நிலமும் பொன்னும் வழங்கி அறம் நிறுவியவர்கள் பலர், முடிவிலே ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள். இந்தத் தருமத்தைக் காப்பவர் எவரோ, அவருடைய பாதங்கள் தம் தலைமேல் இருக்கட்டும் என்கிறார்கள். கொடுத்தவர், காப்பவருக்குத் தலை வணங்குகிறார்! கொடுப்பது ஒரு நாள் வேலை; காப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலை. நம் முன்னோருக்கு அது தெரிந்திருந்தது.

இன்றோ முறை தலைகீழாயிருக்கிறது. ஏழைகளுக்கு வீடு கட்ட அடிக்கல் நாட்டினால் அமைச்சர் வருகிறார், மாலை விழுகிறது, பத்திரிகையிலே படம் வருகிறது. இருபது ஆண்டு கழித்து அதே வீட்டின் கூரை ஒழுகும்போது எட்டிப் பார்க்க ஆளில்லை. புதிய வீடு வேண்டாம் என்பதல்ல என் வாதம். உள்ள வீட்டைக் காப்பதற்கென்றே அரசாங்கத்தில் தனித் திட்டமும், அதற்குப் பொறுப்பேற்கும் ஒரு தலைவரும் வேண்டும் என்பதே.

எல்லா வீட்டையும் பற்றி இங்கே பேசவில்லை. மனநோயால் நலிந்தவர், நாதியற்ற முதியவர், நெடுங்காலம் தெருவிலே கிடந்தவர் - இவர்களிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? வேளை தவறாமல் மருந்து உண்ண நினைவூட்ட வேண்டும். பென்ஷன் மனு எழுதித் தரவேண்டும். பக்கத்து வீட்டாரோடு சச்சரவு வந்தால் சமாதானம் பேச ஆள் வேண்டும். ஆகவே, கட்டக்கூடிய வாடகை, எளிதில் வெளியேற்ற முடியாத உரிமை, கூப்பிடு தூரத்தில் ஓர் உதவியாளர் - இம்மூன்றும் சேர்ந்ததே இவர்களுக்கு வீடு. ஒன்று போனால் மற்ற இரண்டும் நில்லா.

இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்ற நகரம் நியூயார்க். அங்கே ஒரு காலத்தில் ஒற்றையறை விடுதிகள் ஏராளம். சிறிய அறை, பொதுக் குளியலறை, குறைந்த வாடகை. கூலிக்காரரும் தனிமனிதரும் அவற்றிலே காலந்தள்ளினர். அவை நகரின் அழகுக்கு இழுக்கு என்று கருதப்பட்டன. 1970-களில் அவற்றை உயர்ந்த வாடகை வீடுகளாக மாற்றுவோருக்கு நகராட்சியே வரிச் சலுகை தந்தது! ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அறைகள் மறைந்தன. அதே காலத்தில் மனநோய் மருத்துவமனைகள் நோயாளிகளை ஆயிரக்கணக்கில் வெளியே அனுப்பின. போக்கிடமற்றவர்களுக்கு நடைபாதையே படுக்கையாயிற்று.

விழித்துக்கொண்ட நகராட்சி, 1985-ல் இத்தகைய விடுதிகளை இடிக்கவும் மாற்றவும் தடை விதித்தது. உடைமையாளர் வழக்காடினர். 1989-ல் அம்மாநிலத்தின் மேல் நீதிமன்றம் தடைச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. தடையுத்தரவு மட்டும் கூரையைக் காக்காது. பணமும் நிருவாகமும் வேண்டும் என்பது அப்போது விளங்கிற்று. 1990-ல் நகரமும் மாநிலமும் ஓர் உடன்படிக்கை செய்து, மனநோயுற்ற வீடற்றோருக்காக மூவாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களை ஏற்படுத்த முன்வந்தன. அக்காலத்திலேயே ரோசான் ஹாகர்ட்டி என்னும் இளம்பெண், காமன் கிரவுண்ட் என்னும் அமைப்பைத் தொடங்கி, பாழடைந்து கிடந்த டைம்ஸ் ஸ்குயர் ஹோட்டலை மீட்டெடுத்தார். அறைகள் 652. முன்பு தெருவில் வாழ்ந்தவரும், குறைந்த ஊதியம் பெறும் உழைப்பாளரும் அங்கே கலந்து குடியேறினர். உதவியாளர்களும் அதே கட்டிடத்தில் இருந்தனர்.

“இவ்வளவு செலவு தகுமா?” என்று கேட்பவர் உண்டு. 1990 உடன்படிக்கையின் வழியே வீடு பெற்ற 4,679 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. வீடு கிடைக்குமுன் ஒவ்வொருவருக்காகவும் மருத்துவமனை, காப்பகம், சிறை முதலியவற்றில் ஆண்டுக்குச் சுமார் 40,000 டாலர் செலவாகியிருந்தது. வீடு கிடைத்தபின் அதில் 16,000 டாலருக்கு மேல் குறைந்தது. வீட்டுக்கான செலவு பெரும்பாலும் அதிலேயே ஈடாகிவிட்டது. தெருவிலே ஒருவனை விட்டுவைப்பது சிக்கனமன்று.

நம் நாட்டைப் பார்ப்போம். 2009 டிசம்பர்க் குளிரில், இந்தத் தில்லியிலே பூசா ரோடு அருகிலிருந்த இரவுக் காப்பகம் அகற்றப்பட்டது. நீதிமன்றங்கள் தலையிட்டன. பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டுமென்று 2010-ல் உச்ச நீதிமன்றம் பணித்தது. தில்லியில் அதற்கென ஒரு வாரியமும் அவ்வாண்டே பிறந்தது. ஆயினும் 2023 பிப்ரவரியில் சராய் காலேகான் காப்பகம் இடிக்கப்பட்டது. இரவுக் காப்பகம் வீடாகாது. அந்தக் கூரையைக்கூட நம்மால் காக்க முடியவில்லை என்பதுதான் வேதனை.

தமிழகத்துக்கும் இதில் துயரக் கதையுண்டு. 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில், சங்கிலியிற் பிணிக்கப்பட்டுக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையாயினர். நற்கதையும் உண்டு. சென்னையில் 1993-ல் தோன்றிய ‘தி பான்யன்’ அமைப்பு, நெடுநாள் மருத்துவமனையில் தங்கிவிட்டவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களிலே வாடகை வீடுகளில், துணையாளரோடு குடிவைக்கிறது. சங்கிலிக்கு மறுமொழி இதுவன்றோ? 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சமூகத்தோடு வாழும் உரிமையை ஒப்புக்கொண்டு, இத்தகைய இல்லங்களை அமைப்பது அரசின் கடமை என்கிறது. தொண்டர் வழி காட்டலாம். நன்கொடை வற்றினாலும் வாடகை வற்றாமல் பார்க்க அரசாங்கத்தால்தான் முடியும்.

அந்தத் திட்டத்தின் தலைவர் என்ன செய்யவேண்டும்? எந்த வீட்டின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, எந்தக் கட்டிடத்தில் குழாய் பழுது என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். முடிவதற்கு ஈராண்டு முன்பே உடைமையாளரோடு பேச வேண்டும். வீட்டுவசதி, சுகாதாரம், சமூகநலம் என்ற மூன்று இலாகாக்களின் பணப்பைகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர வேண்டும். செப்பனிடும்போது குடியிருப்பவரைத் துரத்தாமல், திரும்பி வரும் உரிமையை எழுத்திலே தரவேண்டும். அவர்கள் குறையை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

நண்பர்களே! உங்களிற் பலர் நாளை ஆட்சிப் பணித் தேர்வெழுதி அதிகாரியாவீர்கள். இத்தகைய பதவி வந்தால் தண்டனை மாற்றலென்று முகஞ்சுளிக்காதீர்கள். அதில் மாலை விழாது. கல்லிலே பெயர் பொறிக்கப்படாது. ஆனால் ஒரு மழைக்கால இரவில், ஒழுகாத கூரையின்கீழ் ஒரு கிழவி நிம்மதியாகத் தூங்குவாள். அறம் நிறுவியவரே தலைமேல் தாங்க விரும்பிய பாதங்கள் அத்தகைய காவலருடையவை.