மீட்டர்ல 12 வோல்ட்... ரோட்டுல ஜீரோ!

உங்க வீட்டு ஷெட்டுலயும் ஒரு பழைய கார் தூங்குதா பாஸ்? அப்ப இந்த வாரம் உங்களுக்குத்தான்.

எங்க தாத்தாகிட்ட 1986 மாடல் அம்பாஸடர் இருக்கு. 2014-லயே தயாரிப்பு நின்னுபோன கார். ஆனா, தாத்தாவுக்கு அதுதான் மூத்த பிள்ளை! போன மாசம் அவரைக் கண் ஆபரேஷனுக்கு அழைச்சுட்டுப் போகும்போது நடுரோட்டுல நின்னுடுச்சு. சாவியைத் திருப்பினா செல்ஃப் சுத்துது, இன்ஜினும் பத்திக்குது. சாவியை விட்டதும் பொசுக்குனு அணையுது. பின்னாடி லாரி ஹாரன் வேற. அன்னிக்கு ஆபரேஷன் தள்ளிப்போனதுதான் மிச்சம்.

மெக்கானிக் பேட்டரி மாத்தினார், பிளக் மாத்தினார், காயிலும் மாத்தினார். வியாதி மட்டும் மாறலை. "காயலான் கடைக்குக் கொடுத்துடலாம்டா"னு தாத்தா சொன்னப்ப வீட்டுல யாரும் பேசலை. 'தேர்டு இயர் ட்ரிபிள்-ஈ படிக்கிற பேரன் எதுக்கு இருக்கான்?'னு நான் மல்டிமீட்டரோட இறங்கிட்டேன்.

அம்பாஸடர், பிரிட்டன்ல பிறந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோட வாரிசு. ஒயர் கலரும் அந்த ஊர்க் கணக்குதான். பேட்டரி கரண்ட்டை சாவி ஸ்விட்சுக்குக் கொண்டுவர்றது பிரவுன். ஸ்விட்சிலிருந்து காயிலுக்குப் போறது வெள்ளை. வெள்ளையில சிவப்புக் கோடு போட்டது செல்ஃபுக்கு. (எத்தனை கை பட்ட வண்டியோ... கலரைக் கண்ணை மூடிட்டு நம்பாதீங்க!)

வெள்ளை ஒயரைக் கழட்டிட்டு, ஸ்விட்ச் முனையில மீட்டரை வெச்சேன். 12.4 வோல்ட். 'ஸ்விட்ச் ஓகே'னு சர்டிஃபிகேட் கொடுத்துட்டு, ரெண்டு நாள் கார்புரேட்டரோட மல்லுக்கட்டினேன். கடைசியில தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கொண்டுவந்தது, ரெண்டு ஒயர் பத்தவெச்ச 21 வாட்ஸ் பிரேக் லைட் பல்பு. அவ்வளவுதான்! ஒரு முனையை பாடியில எர்த் பண்ணி, இன்னொண்ணை பிரவுன்ல வெச்சார். பளிச். ஸ்விட்சோட அடுத்த முனையில வெச்சார். பல்பு அழுது வடிஞ்சுது.

எனக்கு அப்பதான் உறைச்சுது. மீட்டர் இழுக்கிற கரண்ட் ஏறக்குறைய ஒண்ணுமே இல்லை. கரண்ட் ஓடலைன்னா, கரிப் பிடிச்ச கான்டாக்ட்லகூட வோல்டேஜ் குறையாது. காயிலோட ரெசிஸ்டென்ஸ் சுமார் 3 ஓம். கான்டாக்ட்ல இன்னொரு 2 ஓம் சேர்ந்தா, 12 வோல்ட்ல காயிலுக்குக் கிடைக்கிறது 7 சொச்சம்தான். ஓம் விதி... ஃபர்ஸ்ட் இயர்ல அரியர் இல்லாம பாஸ் பண்ணின சப்ஜெக்ட்டு!

மீட்டரே போதும்னா, ஒயரைக் கழட்டாதீங்க. சாவியை ஆன்ல வெச்சு, டிஸ்ட்ரிப்யூட்டர் பாயின்ட் மூடியிருக்கும்போது, ஸ்விட்சோட ரெண்டு முனைக்கும் நடுவுல அளங்க. கால் வோல்ட்டுக்கு மேல காட்டினா ஸ்விட்ச் மேல சந்தேகப்படலாம். எங்க வண்டியில 4-ஐத் தாண்டுச்சு. ரொம்ப நேரம் அப்படியே விட்டுடாதீங்க, காயில் சூடாயிடும். ஒயரைக் கழட்டறதா இருந்தா, முதல்ல பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துடுங்க. அந்த பிரவுன் ஒயருக்கு ஃப்யூஸ் கிடையாது. பாடியில உரசினா புகைதான்.

அண்ணன் ஸ்விட்சைப் பிரிச்சார். உள்ளே கருகிப்போயிருந்தது. "இவ்வளவு கரண்ட் எதுக்கு தம்பி இதுல போச்சு?"னு கேட்டுக்கிட்டே வெள்ளை ஒயரைப் பிடிச்சுட்டுப் போனார். நடுவுல ஒரு முறுக்கு ஜாயின்ட். அதுலேர்ந்து டிக்கி வரைக்கும் ஒரு சிவப்பு ஒயர். ஜாயின்ட்ல சுத்தின பச்சை இன்சுலேஷன் டேப்பைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துடுச்சு. ப்ளஸ் டூ லீவுல ஆம்ப்ளிஃபயர் மாட்டினது... நான்தான்!

புது ஸ்விட்ச் போட்டாச்சு. ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ஃப்யூஸ், ரிலே. போன வாரம் அதே வண்டியில போய், தாத்தாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கண் தெளிவானதும் முதல்ல பேப்பர்தான் படிப்பேன்னு சொல்லியிருக்கார். இந்தப் பக்கத்தை மட்டும் யாராவது கிழிச்சு வெச்சுடுங்க, ப்ளீஸ்!