காமிரா வாங்குமுன்...



சென்ற திங்கள் ஒரு தாயிடமிருந்து நமக்கு மடல் வந்தது. கல்லூரிப் படிப்பை முடித்த அவருடைய மகன், நண்பர் நால்வருடன் சேர்ந்து முழுநீளத் திரைப்படம் ஒன்று எடுக்க முனைந்துள்ளானாம். கதை ஆயத்தம், நல்ல டிஜிட்டல் காமிரா ஒன்று வாங்கிவிட்டால் மற்றவை தாமே நடக்கும் என்கிறானாம். அதற்காகத் தம் கழுத்துச் சங்கிலியை விற்கலாமா என்று கேட்கிறார் அத்தாய். இந்நாளில் பல இல்லங்களில் எழும் கேள்வியாதலால், விடையை இப்பக்கத்திலேயே தருகிறோம்.

மகனுடைய ஆசை தவறன்று. சிறு கருவியைக் கொண்டு நல்ல படம் எடுக்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. டென்மார்க் இயக்குநர் தாமஸ் வின்டர்பெர்க், 1998-இல் வெளிவந்த தம்முடைய 'ஃபெஸ்டென்' படத்தை, வீட்டு விழாக்களைப் பதிவு செய்யப் பயன்படும் சிறிய சோனி வீடியோ காமிராவால் எடுத்தார். அவ்வாண்டு கான் விழாவில் அது நடுவர் பரிசு பெற்றது. அமெரிக்கரான ஷான் பேக்கரின் 'டேஞ்சரின்' 2015-இல் வெளிவந்தது. அது ஐபோன் 5எஸ் தொலைபேசிகளால் எடுக்கப்பட்ட படம். இவ்விரண்டும் பிள்ளைகளோடு அமர்ந்து காணத்தக்கவை அல்ல. கருவியின் பொருட்டே இங்குக் குறிப்பிடுகிறோம்.

இவர்கள் வெற்றி கண்டது எவ்வாறு? 'ஃபெஸ்டென்' ஒரு குடும்ப விருந்தில் வெடிக்கும் உண்மையைப் பற்றிய கதை. செயற்கை விளக்கு கூடாது, காமிராவைக் கையில் ஏந்தியே எடுக்க வேண்டும் என்ற விதிகளை அவ்வியக்குநர் ஏற்றிருந்தார். விருந்தினருள் ஒருவரைப்போல நுழைந்து திரிய, உள்ளங்கையளவுக் கருவியே ஏற்றதாயிற்று. படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஆயினும் கதைக்கு அது குறையாகவில்லை. 'டேஞ்சரின்' குழுவினரோ, தொலைபேசிக்கு முன் தனி வில்லை ஒன்றைப் பொருத்தினர். ஒலியைப் பதிவு செய்ய முறையான தனிக் கருவிகளை அமர்த்தினர். ஆக, கதையே காமிராவைத் தெரிவு செய்ய வேண்டும். காமிரா கதையைத் தெரிவு செய்யலாகாது.

எனவே, சகோதரியே, உம் மகனிடம் ஐந்து கேள்விகளைக் கேளும். விடைகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லும்.

முதலாவது, கதை எங்கே, எந்நேரத்தில் நிகழ்கிறது? இரவுக் காட்சிகள் மிகுதியெனில், ஒளியை வாங்கும் சென்சார் பெரியதாக இருத்தல் நலம். ஆனால் பெரிய சென்சாரில் முகம் சற்றே அசைந்தாலும் தெளிவு கலையும். அதைக் கவனிக்கத் தனியே ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, படத்தின் நிறத்தைப் பின்னர்த் திருத்த எண்ணமா? புள்ளிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 8 பிட் பதிவில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 10 பிட் பதிவில் 1024. மாலை வானமும் மனித முகமும் இயல்பாகத் தோன்ற இவ்வேறுபாடு பெரிதும் உதவும்.

மூன்றாவது, மின்விளக்கில் படம் துடிக்காதிருக்க வழி அறிவானா? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு நொடி என அமைத்தால் பெரும்பாலும் தொல்லையிராது. இவற்றைக் கையால் அமைக்க இடந்தராத காமிரா வேண்டாம்.

நான்காவது, பதிவுகளை எங்கே சேமிப்பது? நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எடுத்தால் மணிக்கு 45 ஜிகாபைட் ஆகும். ஒன்றரை மணி நேரப் படத்துக்குப் பத்து மடங்கு எடுப்பின் 15 மணி, அதாவது 675 ஜிகாபைட். இரண்டு பிரதிகள் வைப்பது கட்டாயம். இச்செலவைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

ஐந்தாவது, ஒலிக்கு என்ன ஏற்பாடு? நாம் ஒருமுறை பங்குச் சிறார் நாடகத்தை இரவல் காமிராவில் பதிவு செய்தோம். படம் பளிங்குபோல் இருந்தது. வசனமோ மின்விசிறியின் இரைச்சலில் மூழ்கிப்போயிற்று. பிள்ளைகளின் முகம் வாடியதை நாம் இன்னும் மறக்கவில்லை. மங்கிய படத்தை மக்கள் பொறுப்பர். கேளாத வசனத்தைப் பொறுக்கமாட்டார். பேசுபவரின் வாயருகே ஒலிவாங்கி இருத்தல் வேண்டும்.

இனி, சங்கிலியைப் பற்றி. விற்க வேண்டாம் என்பதே நம் கருத்து. சில ஆண்டுகளில் புதிய காமிரா வந்து பழையதன் விலையை வீழ்த்திவிடும். படப்பிடிப்பு இருபது நாள் எனில், அந்நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். அதற்கு முன், கையிலிருக்கும் தொலைபேசியாலேயே ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுக்கட்டும். ஒரு மாலையில் உறவினரையும் அயலாரையும் அமர்த்தித் திரையிடட்டும். எங்கே கண் உறுத்தியது, எங்கே காது திணறியது, எங்கே மனம் சலித்தது என்பதை அவர்கள் முகமே சொல்லிவிடும். எந்தக் காமிரா தேவை என்பதும் அன்று விளங்கும்.

பண உதவி செய்தேயாக வேண்டுமென்று தோன்றினால், ஒலிவாங்கி ஒன்றை வாங்கிக் கொடும். படப்பிடிப்பு நாள்களில் அப்பிள்ளைகளுக்கு உணவு சமைத்துக் கொடும். சிறு குழுவினரின் படங்கள் பாதியில் நிற்பது காமிரா இன்றி அன்று. பசியாலும் மனக்கசப்பாலும் குழு கலைவதாலேயே பெரும்பாலும் நிற்கின்றன.

மகன் மறுத்துப் பேசினால் சினம் கொள்ளாதீர். ஐந்து நிமிடப் படம் முடிந்ததும் நமக்கு மீண்டும் எழுதும்.